சம்பந்தி வீட்டு மருந்து ரூம்: ஊரப்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை ஒரு நாள்

வீடுகளுக்குள் ரசாயனம் எவ்வளவு புழங்குகிறது, அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று ஆராய்ச்சி செய்கிற ஒருவரைக் காரில் ஏற்றப் போகிறோம் என்றால், முதல் நாள் சாயங்காலம் அந்தக் காருக்குள் கரப்பான்பூச்சி ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டேஷ்போர்டில் ஒரு கரப்பான் ஓடியது. மேடம் படித்தவர், பார்த்தால் என்ன நினைப்பார் என்று பாதி டப்பாவை உள்ளே அடித்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். காலை ஏழரைக்குச் செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலில் மேடம் ஏறினார். உட்கார்ந்தார். வரிசையாகத் தும்மினார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார். பிறகு துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, சர்வேய உங்க கார்லேர்ந்தே ஆரம்பிச்சிடலாமா?" என்றார்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: நான் ஊரப்பாக்கத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி இங்கே எழுதிவருகிறேன். வழி, டிபன், பார்க்கிங், கழிவறை சுத்தமா இல்லையா, இவ்வளவுதான் என் இலக்கியம். பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் வேதியியலில் விழுந்தவன். ஆகவே மருந்துகளின் பெயரை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நிறமும் நாற்றமும்தான் தெரியும். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். கிராமத்தின் பெயரை எழுதவே போவதில்லை. அந்த ஊரில் என் சம்பந்தி இருக்கிறார், அவரிடமும் போன் இருக்கிறது.

போன மாசியில், ஒரு வியாழக்கிழமை நடந்த பயணம் இது. மேடம் பெயர் ஷமீமா என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக்காரர், கடைத்தெருவில் குடும்பத்துக்கு மளிகை வியாபாரம், இவர் மட்டும் பொது சுகாதாரம் படித்து, விவசாயக் குடும்பங்களின் வீடுகளைப் போய்ப் பார்த்து எழுதுகிற வேலையில் இருக்கிறார். மதுராந்தகம் பக்கத்தில் ஏதாவது ஒரு கிராமம், பிறகு மதியத்துக்கு மேல் மாமல்லபுரத்தில் அவர்கள் குழுவின் கூட்டம், அங்கே இறக்கிவிட்டால் என் வேலை முடிந்தது. வாடகை மூவாயிரத்து இருநூறு, சுங்கம் தனி. "எந்த கிராமம் மேடம்?" என்று போனில் கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றார். உடனே என் மூளை வேலை செய்தது. என் பெண் ரம்யாவைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்தப் பக்கம்தான். அடுத்தவர் டீசலில் பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம். "மேடம், எனக்குத் தெரிஞ்ச ஊரு ஒன்னு கீது, ஜனங்க நல்லா பேசுவாங்க" என்றேன். அவரும் ஊராட்சியில் பேசி அனுமதி வாங்கிவிட்டார்.

வழி சொல்கிறேன். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு 25 கி.மீ. காலை ஏழு மணிக்குள் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிவிடுங்கள், அப்புறம் கம்பெனி பஸ்கள் வந்து அடைத்துக்கொள்ளும். செங்கல்பட்டில் ரயில் நிலையம் எதிரே பொங்கல் வடை 70 ரூபாய், பொங்கலைவிட வடை தேவலாம். அங்கிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி மதுராந்தகம் 26 கி.மீ. ஏரி நிறையத் தண்ணீர் நின்றது. வண்டியை ஓரம் கட்டி போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள், பின்னால் வருகிற லாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். மதுராந்தகத்தில் இடதுபுறம் பவுஞ்சூர் ரோட்டில் திரும்பி 9 கி.மீ. போனால் நான் பெயர் சொல்லாத ஊர்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். பெண்ணைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் நான் கியர் மாற்றக்கூட மறந்துவிடுவேன்.

"ஆவணியில கல்யாணம் மேடம். இப்ப நாலாம் மாசம். மாப்ளைக்கு ஒரகடத்துல கம்பெனி வேல, பாதி நாளு நைட் ஷிப்ட்டு. சம்பந்தி நெல்லு வைக்கிறாரு. பொண்ணு ரூமுக்கு சீர்ல ஏசி போட்டுக் குடுத்தேன். ஒன்னரை டன்னு!"

"உடம்பு நல்லா இருக்காங்களா?"

"மசக்க மேடம். காலைல எழுந்தா தலவலி, வாந்தி. ஆனா பாருங்க, பொங்கலுக்கு எங்க வூட்ல ஒரு வாரம் இருந்தா, ஒரு வாந்தி இல்ல. கோழி பிரியாணி ரெண்டு தட்டு. திரும்பி இங்க வந்த மறுநாளே ஆரம்பிச்சிடுச்சு. மாமியாரு போன்ல சொல்லிச் சிரிக்கிது. நானும் சிரிச்சேன். ஸ்கூல் படிக்கிறப்பயே பரீட்சைன்னா வயித்து வலி வந்துடும் அவளுக்கு."

மேடம் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் முழுக்க வாந்தியே இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வரும்போது இன்னொன்றும் சொன்னார். "உங்க பொண்ணு வீட்டுக்குப் போனா நீங்க உள்ள வரக்கூடாது அண்ணா. அப்பா பக்கத்துல இருந்தா அவங்களும் நிஜம் சொல்ல மாட்டாங்க, வீட்டுக்காரங்களும் சொல்ல மாட்டாங்க." அது சரிதான். ஆனால் பெண் வீட்டு வாசல் வரை போய் வெளியே நிற்கிற அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று படித்தவர்கள் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார். மற்ற வீடுகளுக்கு நான் கூடவே போனேன், பை தூக்கிக்கொண்டு. எங்கள் பக்கம் பூச்சிமருந்தை வெறும் மருந்து என்றுதான் சொல்வோம். "மருந்து அடிக்கிறீங்களா?" என்று மேடம் கேட்கவே இல்லை. "கடைசியா மருந்து அடிச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அதற்கு எல்லோரும் கதை சொன்னார்கள். ஒரு வீட்டில் மருந்து அடித்த லுங்கியைப் பிள்ளைகளின் யூனிபார்மோடு ஒரே பக்கெட்டில் ஊறப்போடுகிறார்கள். இன்னொரு வீட்டில் மிச்ச மருந்து கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில், அடுப்படி அலமாரியில், எண்ணெய்க்குப் பக்கத்தில். மூன்றாவது வீட்டுப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே, "பேனுக்கு ஒரு சொட்டு தடவுவேங்க்கா. ஒரே நாள்ல காலி" என்றார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ரொம்ப நேரம் பேசினார். எனக்குத் தலை அரித்தது.

பத்தரைக்குச் சம்பந்தி வீடு. நான் காரில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. இறங்கி டயரை உதைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தேன். ரம்யா கிரில் கேட்டுக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நானும் கையசைத்தேன், துடைக்கிற துணியோடு. வீட்டின் பக்கவாட்டில் அவளுடைய அறை ஜன்னல். குளிர்காற்று வெளியே போகக் கூடாது என்று சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஏசி மாட்ட வந்தவனுக்கு நான் தனியாக இருநூறு ரூபாய் கொடுத்து ஒட்டச் சொன்ன டேப் அது. நல்ல வேலை செய்திருக்கிறான் என்று பாராட்டிக்கொண்டேன்.

ரம்யாவின் மாமியார், கன்னியம்மா என்று வைத்துக்கொள்வோம், கூடத்தில் உட்கார்ந்து பேசியது வெளியே நன்றாகக் கேட்டது. அவர் பேச்சு பக்கத்து ஊரிலும் கேட்கும்.

"மருந்தெல்லாம் எங்கம்மா வைப்பீங்க?"

"பூட்டி. இந்தத் தெருவுல எந்த வூட்ல வேணா போய்ப் பாரு, மாட்டுக் கொட்டாய்ல தொங்கிகினு இருக்கும். நம்ம வூட்ல சாவி என் இடுப்புல. பின்னாடி தெருவுல ஒருத்தி புருசன்கூட சண்ட போட்டுகினு எடுத்து வாயில ஊத்திக்கினா. உசுரு கீது, தொண்ட போச்சு. இப்ப கஞ்சிதான். அன்னிக்குச் சொல்லிட்டேன், இனிமே என் வூட்ல ஒரு சொட்டு வெளிய இருக்கக் கூடாதுன்னு."

"இவ்ளோ வீட்டுல நீங்கதான்மா பூட்டி வச்சிருக்கீங்க."

"பின்ன?" கன்னியம்மாவின் குரலில் பெருமை. வெளியே எனக்கும்தான். நம் பெண் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள்.

"எந்த ரூம்லம்மா பூட்டி வச்சிருக்கீங்க?"

"இன்னா கேள்வி கேக்கிற நீ? பூட்டு போடற கதவு இந்த வூட்ல ஒன்னுதானே கீது. எம்புள்ள ரூமு."

நான் துடைப்பதை நிறுத்தினேன்.

"அங்க ராத்திரி யாரும் படுக்கறதில்லையே?"

"ஏன் படுக்காம? அவுங்க ரூமுதானே? ஏசி கீது!"

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அது சாமான் போடுகிற அறை. மருந்து, ஸ்பிரேயர், விதை நெல் எல்லாம் அங்கேதான் இருந்தன. கல்யாணத்துக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வீட்டிலேயே நல்ல அறையைப் புதுசாய்க் கல்யாணமானவர்களுக்கு விட்டார்கள். அறை மாறிவிட்டது, அறையில் வைக்கிற பழக்கம் மாறவில்லை. மூடி சரியாய் இறுகாத பாட்டில்கள் பரணில். கசிகிற ஸ்பிரேயர் பீரோவுக்குப் பின்னால். விதை நெல் மூட்டை கட்டிலுக்கு அடியில். ஜன்னலுக்கு நான் ஒட்டவைத்த டேப். இரவெல்லாம் அதே காற்றை ஏசி சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

மேடம் அறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். "ரம்யா, காலைல எழுந்ததும் தலைவலி. எத்தன மணிக்குப் போகும்?"

"பத்து மணிக்கு மேல போயிடும்க்கா. வெளிய வேல செஞ்சிகினு இருந்தா தெரியாது."

"உங்க அம்மா வீட்டுல?"

மாமியார் முந்திக்கொண்டார். "அங்கதான் ஒன்னுமே வராதே! அப்பன் வூட்ல பிரியாணி துன்னுவா, எங்க வூட்ல வாந்தி எடுப்பா. நான் இன்னா விஷமா வச்சிகீறேன்?"

சொல்லி முடித்ததும் அவரே வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். துரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிகம் பேசாத மனுஷன். கையில் மதுராந்தகத்துக் கடைப் பை. என்னைப் பார்த்து, "இன்னா சம்பந்தி, வெளிய நின்னுகினு? உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேடம் போட்ட சட்டத்தைச் சம்பந்தி உடைத்தார், நான் இல்லை.

மேடம் கண் நேராக அந்தப் பைக்குப் போனது. "ஐயா, அதுல என்ன?"

"விதை நெல்லுக்குப் போடற மாத்திரைம்மா. வண்டு வெக்கிது. இன்னிக்குச் சாயங்காலம் மூட்டைல போட்டு வச்சிடலாம்னு."

"அந்த ரூம்லயா?"

"மூட்ட அங்கதானே கீது. வருசா வருசம் போடறதுதான்."

அதுவரை மேடம் குரலை உயர்த்தி நான் கேட்கவில்லை. இப்போது கேட்டேன். "போன வருஷம் அந்த ரூம்ல யாரும் படுக்கலைய்யா! இது காத்தா மாறி வர்ற விஷம். ஜன்னல் மூடின ரூம்ல இத போட்டுட்டுத் தூங்கினா காலைல ரெண்டு பேரும் எழுந்திருக்க மாட்டாங்க. ரெண்டு பேர் இல்ல, மூணு பேர்!"

சம்பந்தி பையைப் பார்த்தார், ரம்யாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எல்லாரையும் விட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"இவங்க உன் கார்ல வந்தாங்களா?"

"ஆமா சம்பந்தி."

"நம்ம வூட்ட வேவு பாக்க ஆள் இட்டாந்துகீற. பொண்ணு ஏதாவது சொன்னாளா உன்கிட்ட?"

ஒரு ஆம்பளையாக, ஒரு அப்பனாக, நான் அப்போது என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "இல்ல சம்பந்தி, டயர்ல காத்து கம்மியா இருக்கேன்னு..." என்பதுதான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெண்ணைக் கொடுத்தவனுக்குச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நாக்கு பாதிதான் வேலை செய்யும். அவன் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும், அவன் கிளம்பிப் போன பிறகு அவன் பெண்ணிடம்தான் திரும்பி வரும்.

கன்னியம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இடுப்புச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மேடத்திடம் கேட்டார். "ஏம்மா, புள்ளைக்கு ஒன்னும் ஆயிருக்காதே?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் மேடம். "பாத்தாதான் தெரியும். டாக்டர்கிட்ட மசக்கைன்னு மட்டும் சொல்லாதீங்க. இப்பிடி ஒரு ரூம்ல இத்தன மாசம் படுத்திருந்தான்னு சொல்லுங்க. பாட்டில் மேல ஒட்டியிருக்கிற லேபிள போட்டோ எடுத்துகினு போங்க. இன்னிலேர்ந்து அவ அந்த ரூம்ல படுக்கக் கூடாது." படித்த தமிழ் போய் செங்கல்பட்டுக் கடைத்தெரு வந்துவிட்டிருந்தது அவர் பேச்சில்.

பிறகு அரை மணி நேரம் அந்த அறையைக் காலி செய்கிற வேலை. சம்பந்தி கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாக இறக்கி, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி, வயலில் இருக்கிற மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனார். பிரிக்காத மாத்திரையும் அதே பெட்டியில் போனது. நெல் மூட்டை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனது. நான் ஜன்னலுக்குப் போய் டேப்பை உரித்தேன். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஏசிக்காரன் நிஜமாகவே நல்ல வேலைதான் செய்திருந்தான். இப்போது அவனைத் திட்டிக்கொண்டே உரித்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். ரம்யா கேட்டுக்கு வந்து, "ப்பா, போய்ச் சேந்துட்டு போன் பண்ணு" என்றாள். "நீ தண்ணி நிறைய குடி" என்றேன். சம்பந்தி வெளியே வரவில்லை.

அந்த ஊரிலிருந்து மாமல்லபுரத்துக்குச் செங்கல்பட்டு திரும்பிப் போக வேண்டாம். பவுஞ்சூர் வழியாகக் கூவத்தூர் போய், ஈசிஆரில் ஏறி, கல்பாக்கம் தாண்டினால் 46 கி.மீ. நல்ல ரோடு, கூவத்தூர் வரை லாரி குறைவு. திரும்ப வேண்டிய இடத்தில் பெரிய பலகை இருக்கிறது. நான் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய்விட்டேன். மேடம்தான் சொன்னார். "அண்ணா, நாம பாண்டிச்சேரி போறோமா?"

கொஞ்ச தூரம் கழித்து அவரே, "நான் ரொம்பக் கத்திட்டேன். இதுவே வேற வீடா இருந்தா பொறுமையா சொல்லியிருப்பேன். உங்க பொண்ணுன்னு தெரிஞ்சதால கத்திட்டேன். இனிமே அந்த வீட்டுல என்ன யாரும் உள்ள விட மாட்டாங்க" என்றார்.

"என்னயும்தான் மேடம்" என்றேன். அதற்கு இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

ஒன்றே முக்காலுக்கு மாமல்லபுரம். கல் இழைக்கிற மிஷின் சத்தமும் மாவு மாதிரிப் பறக்கிற தூசியும் ஊர் எல்லையிலேயே வரவேற்கும். அந்தத் தெருவில் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். மேடத்தை அவர்கள் கூட்டம் நடக்கிற ஓட்டலில் இறக்கிவிட்டேன். பார்க்கிங் 50 ரூபாய். கடற்கரைக்குப் போகிற சந்தில் வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு 220. மீனை இரண்டு விள்ளல் எடுத்தேன், மீதி அப்படியே இருந்தது. ஆகவே கடையின் தரம் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். பூனை ஒன்று தின்றது, அதற்குப் பிடித்திருந்தது.

ரம்யாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தேன். ஷிப்ட்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். கடல் வரை நடந்தேன். காருக்குத் திரும்பினேன். கடலுக்குப் போனேன். பார்க்கிங் சீட்டு கிழிக்கிறவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"அண்ணாத்த, இன்னா, காருக்கும் கடலுக்கும் நடந்துகினே கீற? சாவி தொலஞ்சி போச்சா?"

"இல்ல, கைலதான் கீது."

"அப்ப ஒன்னு குளி, இல்ல கிளம்பு. பாக்கற எனக்கு மயக்கம் வருது."

இந்த வழியில் போகிறவர்களுக்கு என் யோசனைகளைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு என்றால் காலை ஏரி, மதியம் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி வெயிலே மண்டையைப் பிளக்கிறது. கூவத்தூர் வழியில் பெட்ரோல் பங்க் குறைவு, மதுராந்தகத்திலேயே போட்டுவிடுங்கள். பழைய நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று விவசாய வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால், படுக்கிற அறையில் எதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு படுங்கள். மருந்து உள்ளவர்கள் பூட்டித்தான் வைக்க வேண்டும், ஆனால் வீட்டுக்கு வெளியே, ஆள் படுக்காத இடத்தில். நெல்லுக்குப் போடுகிற மாத்திரையை ஆள் இருக்கிற வீட்டுக்குள் போடவே கூடாது. மருந்து அடித்த துணியைத் தனியாகத் துவையுங்கள், துவைக்கிற கைக்கு உறை போடுங்கள். ஒரு வீட்டில் ஒரு ஆளுக்கு மட்டும் தலைவலி, வாந்தி, ஊருக்குப் போனால் இல்லை, திரும்பி வந்தால் இருக்கிறது என்றால், நடிப்பு என்று சிரிக்காதீர்கள். அந்த ஆள் எங்கே தூங்குகிறார் என்று பாருங்கள். இதெல்லாம் மேடம் சொன்னது. காருக்குள் ஸ்ப்ரே அடிக்காதீர்கள் என்பது என் சொந்த அனுபவம்.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் கணக்குப் பார்க்கிறவர்கள். மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூர், கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஊரப்பாக்கம் 47 கி.மீ. எல்லாம் கூட்டினால் நாள் முழுக்க 153 வர வேண்டும். என் மீட்டரில் 212 இருந்தது.

திருப்போரூர் பக்கம் திரும்ப வேண்டியவன், வந்த வழியே கல்பாக்கம் பக்கம் திரும்பினேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் திரும்பியிருக்க மாட்டேன். ஐந்து மணிக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ரம்யாவின் கட்டில் கூடத்தில் இருந்தது. அதை ஒட்டித் தரையில் கன்னியம்மாவின் பாய், தலையணை. அறைக் கதவு விரியத் திறந்து, உள்ளே டேபிள் ஃபேன் வெளிப்பக்கமாய் ஊதிக்கொண்டிருந்தது. ரம்யா வாசலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவள் போன், துடைத்து எடுத்த சாமான்களோடு எங்கேயோ அடியில் கிடந்ததாம்.

"இன்னாப்பா, திரும்பி வந்துட்ட?"

"தண்ணி பாட்டில விட்டுட்டுப் போயிட்டேன்மா."

கன்னியம்மா எட்டிப் பார்த்தார். "பாட்டிலு உன் கார்லயே கீதே சம்பந்தி."

"ஓ. ஆமா."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல நானே இட்டுகினு போறேன் ஆஸ்பத்திரிக்கு. லேபிளு போட்டோ எல்லாம் அவ போன்ல எடுத்து வச்சிகீறா. டாக்டர் திட்டினா என்னைத் திட்டட்டும்" என்றார். பிறகு, உள்ளே பார்த்துக்கொண்டு, "எடுத்த வாந்திக்கெல்லாம் நான் பழிப்பு காட்டினேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, ரம்யாவிடமா தெரியவில்லை. சம்பந்தி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியும், திரும்பவில்லை. மாடு குடித்து முடித்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காபி வந்தது, குடித்தேன். கிளம்ப எழுந்தேன். காரின் பின்கதவைத் திறந்து சீட்டைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை துடைத்தேன். ரம்யா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ப்பா, ஏதாவது சொல்லணுமா?"

வாசலில் கன்னியம்மா, கையில் ரம்யாவின் போர்வையை உதறிக்கொண்டு. அங்கே மாட்டுப் பக்கத்தில் சம்பந்தியின் திரும்பாத முதுகு. பாய் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பாயை மடித்து வைத்துவிடுவார்கள். அப்புறம் எத்தனை வருஷம் ஆகுமோ திரும்ப விரிக்க. சொல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரி நான் ஊரப்பாக்கத்தில் தூங்க மாட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

"சீட்டுல தூசிம்மா" என்று சொல்லிக் கதவை மூடினேன்.

ஏறும்மா, நம்ம வூட்டுக்குப் போலாம் என்று சொல்லவில்லை.